ஐந்து பேருடைய எச்சில்

லாரஸ் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. இந்த எட்டு மாதத்தில் அவளுடைய முகத்தின் கீழ்ப்பாதியை இபு முர்தினி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. காலையில் முகமூடியோடு வருவாள், மாலையில் முகமூடியோடு போவாள். யாராவது ஏதாவது கேட்டால் கண்ணால் சிரிப்பாள், தலையை ஆட்டுவாள், இரண்டு வார்த்தையில் முடித்துக்கொள்வாள். ஜப்பானில் நாலு வருஷம் படித்தவளுக்கு நம்மோடு பேச வாய் வலிக்கிறது போலிருக்கிறது என்று இபு முர்தினி கிடைத்த காதிலெல்லாம் போட்டுவைத்தாள்.

போடாமல் என்ன செய்வாள்? செமாராங் நகரில் ஒரு வாய்மருந்துக் கம்பெனியின் கிருமிச் சோதனைக்கூடத்தில் அவள் இருபத்திரண்டு வருடம் உழைத்தவள். வாய் கொப்பளிக்கக் கடைகளில் இன்றைக்கும் விற்கிற இளஞ்சிவப்பு வாய்மருந்து அவள் கையால் சோதித்துக் கரையேற்றியது. ‘மணிக்கணக்கில் காக்கும்’ என்று குப்பியில் அச்சடித்திருக்கிறதே, அந்த மணிக்கணக்கை உட்கார்ந்து எண்ணியவள் அவள்தான். கூடத்தின் தலைவர் பாக் ஹர்யோனோ நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஓய்வு பெறப்போகிறார். அந்த ஊரில் ‘பாக்’ என்றால் ஐயா, ‘இபு’ என்றால் அம்மா. ஜன்னலோரம் இருக்கும் அவருடைய நாற்காலி அடுத்தது தனக்குத்தான் என்று இபு முர்தினி மனசுக்குள் எப்போதோ மெத்தை தைத்துப் போட்டுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் இந்தப் பெண் வந்து வெற்றிலைச் சாற்றில் ஒரு புது மருந்து செய்தாள். பச்சை நிறம், லேசான காரம். மேலிடத்துக்கு அது பிடித்துப்போயிற்று. “வெத்தல மருந்து சோதனையில ஜெயிச்சா, அத செஞ்ச பொண்ணே கூடத்த நடத்தட்டும்னு மேல சொல்றாங்க” என்று பாக் ஹர்யோனோ ஒருநாள் வாய்தவறிச் சொன்னார். அன்றிலிருந்து இபு முர்தினிக்கு வெற்றிலையைக் கண்டாலே வயிறு எரிந்தது. நல்ல பெண், கெட்டிக்காரி, யாரையும் புண்படுத்தாதவள் என்று மற்றவர்கள் சொல்லச் சொல்ல எரிச்சல் கூடியது. கெட்டவளாக இருந்தால் திட்டிவிட்டுத் தூங்கலாம். நல்லவளை என்ன செய்வது?

சோதனை ஒன்றும் பெரிய மந்திரமில்லை. தொண்டைப்புண் கிருமியையும் மருந்தையும் ஒரு குழாயில் கலந்து, அரை நிமிடம் விட்டு, மருந்தின் வேலையை நிறுத்தும் கரைசலை ஊற்றி, தட்டில் பரப்பி, ஒரு ராத்திரி சூட்டில் வைத்தால் பிழைத்த கிருமியெல்லாம் மறுநாள் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் சுத்தமான தண்ணீரில் எந்த மருந்தும் வீரன்தான். எச்சில் கலந்தால்தான் சாயம் வெளுக்கும். வெளிநாட்டில் எச்சிலுக்குப் பதிலாகப் பன்றி வயிற்றிலிருந்து எடுத்த பொடியைக் கரைத்து ஊற்றுவார்கள். அது இங்கே வாசற்படி ஏறாது, குப்பியில் ஹலால் முத்திரை இருக்கிறது. அதனால் கூடத்து ஆட்களே துப்பிக் கொடுத்துவிடுவார்கள். பாக் ஹர்யோனோ, இபு முர்தினி, லாரஸ், கண்ணாடிச் சாமான் கழுவும் குஸ்னுல், வண்டியோட்டி தோயிப் என்று ஐந்து பேர். ஐந்தையும் நுண்வடிகட்டியில் வடித்து ஒன்றாகக் கலப்பார்கள்.

கலக்க எடுத்ததுபோக ஒவ்வொருவர் எச்சிலிலும் மீந்ததைத் தனித்தனிக் குழாயில் பேர் ஒட்டி ஃப்ரீசரில் வைப்பது லாரஸ் கொண்டுவந்த வழக்கம். “எச்சில போய் நகை மாதிரி பூட்டி வைக்கிறாளே” என்று இபு முர்தினி சிரித்தாள். கூடத்தின் பழைய வழக்கம் வேறொன்று உண்டு, அது பாக் ஹர்யோனோவுடையது. கலந்தவர் எண்ணக் கூடாது. தன் மருந்தின் தட்டைத் தானே எண்ணினால் கண்ணுக்குப் புள்ளி குறைவாகத் தெரியும் என்பார். அதனால் லாரஸ் கலக்க வேண்டும், இபு முர்தினி எண்ண வேண்டும்.

நோன்பு மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை ஒத்திகைக்காக முதல் எச்சில் எடுத்தார்கள். மறுநாள் குஸ்னுல் நனைந்த கையோடு ஓடி வந்தாள்.

“இபு, ஒரு விஷயம் கேட்டீங்களா? நேத்து எடுத்த அஞ்சு குழாய்ல ஒண்ணு தொறக்கவே முடியலயாம். அவ்ளோ நாத்தமாம். ஈறு அழுகியிருக்கும்னு லாரஸ் பாக் கிட்ட சொல்லிட்டிருந்தா. என் ரெண்டு காதால கேட்டேன்.”

“யாரோடதாம்?”

“பேர் சொல்லல. பாக் கேட்டாரு, அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா.”

“குனியறப்ப என் மேசையப் பாத்தாளா?”

“நீங்கதான் அங்க இல்லவே இல்லையே இபு.”

“இல்லாதப்பதான் பாப்பாங்க.”

குஸ்னுல் சமாதானம் சொன்னாள். “விடுங்க. நோன்பாளியோட வாய்வாடை அல்லாவுக்குக் கஸ்தூரி மாதிரின்னு பள்ளிவாசல் உஸ்தாத் சொல்லலையா?”

“அல்லாவுக்குச் சரி. அந்த ஜப்பான்காரிக்கு?”

இபு முர்தினிக்குப் போன வருடத்திலிருந்து இடது கீழ்ப்பல் ஒன்று லேசாக ஆடியது. அது அவளுக்கும் அவள் நாக்குக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். இப்போது அந்தப் பெண் குழாயைத் திறந்து மூக்கைச் சுளித்து, அந்த முகமூடிக்குள்ளே உதட்டை மடித்துச் சிரித்திருப்பாள் என்று நினைக்க நினைக்க உடம்பெல்லாம் கூசியது. வாய்மருந்துக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம், வாய் நாறுகிறது என்று பேர் வாங்குவதா? அன்று நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம்கூட அவளுக்கு இறங்கவில்லை. கணவர் என்ன என்று கேட்டதற்கு வாயைப் பொத்திக்கொண்டு பதில் சொன்னாள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பெரிய சோதனைக்கான எச்சில் கொடுக்க வேண்டும். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இபு முர்தினி கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டாள். அலமாரியில் கம்பெனி எல்லோருக்குமாக வைத்திருக்கும் இளஞ்சிவப்புக் குப்பி இருந்தது. ஒரு மூடி ஊற்றி, விழுங்காமல் கவனமாக, ஒரு நிமிடம் கொப்பளித்துத் துப்பினாள். பிறகு மூன்று தடவை தண்ணீரால் கொப்பளித்தாள். போதும் என்று தோன்றியது. அந்த மருந்து பல்லிலும் ஈறிலும் ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் எச்சிலில் கசியும் என்பது அவளுக்குத் தெரியாதா? ஊருக்கே சொன்னவள் அவள். ஆனால் வெட்கம் வந்தால் படிப்பு வெளியே போய்விடுகிறது. கண்ணாடியில் பல்லைக் காட்டிப் பார்த்துக்கொண்டு, போய்க் குழாய் நிறையத் துப்பிக் கொடுத்தாள். “மோந்து பாரு” என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அன்று மத்தியானம் லாரஸ் கலந்தாள். பத்துத் தட்டு. பத்திலும் கிருமியும் எச்சிலும் உண்டு, ஒன்பதில் வெற்றிலை மருந்து, ஒன்றில் மருந்துக்குப் பதில் வெறும் தண்ணீர். எது எது என்று தெரியாமலிருக்கத் தட்டின் மேல் வெறும் எழுத்துகள்தான் இருக்கும், எழுத்தின் விவரம் பாக் ஹர்யோனோவின் சட்டைப்பையில் இருக்கும்.

வியாழக்கிழமை காலை இபு முர்தினி முதல் தட்டை விளக்கின் மேல் வைத்தாள். ஒரு புள்ளிகூட இல்லை. இரண்டாவது, சுத்தம். மூன்றாவது, நான்காவது.  இவ்வளவு சுத்தமாகக் கொல்கிற மருந்தை அவள் இந்த இருபத்திரண்டு வருடத்தில் கண்டதில்லை. அவளுடைய இளஞ்சிவப்பு மருந்துகூட முதல் தடவை ஏழெட்டுப் புள்ளிகளை விட்டுவைத்தது. ஐந்தாவது தட்டையும் பார்த்துவிட்டு அவள் ஜன்னலோரத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். அதில் முகமூடி போட்ட ஒருத்தி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. ஆறு, ஏழு, எட்டு. பொறாமையால் கண் கலங்கி விளக்கே மங்கலாகத் தெரிந்தது. ஒன்பது.

பத்தாவதிலும் ஒன்றுமில்லை.

இபு முர்தினி எழுந்து நின்றுவிட்டாள். பத்தும் காலி என்றால், தண்ணீர்த் தட்டு எங்கே? ஒரு தட்டில் கிருமி கடுகு கொட்டியது போல நிறைந்திருக்க வேண்டுமே. தண்ணீர் கிருமியைக் கொல்லுமா? கொல்லாது. அப்படியானால் கொன்றது வெற்றிலை மருந்தே இல்லை, வேறு ஏதோ. சோதனை செல்லாது. அந்தப் பெண் எங்கேயோ சறுக்கிவிட்டாள்! பழம் நழுவிப் பாலில் விழுந்தது. சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஏன் சறுக்கியது என்று யோசிக்க அந்தச் சந்தோஷம் இடம் கொடுக்கவில்லை.

பத்துத் தட்டுகளையும் தாம்பாளத்தில் அடுக்கிக்கொண்டு, எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்து, கூடத்தின் நடுவில் வைத்தாள்.

“பாக், கொஞ்சம் வந்து பாருங்க. நம்ம லாரஸ் ஊத்தின தண்ணிகூடக் கிருமியக் கொல்லுது. ஜப்பான் தண்ணி போல.”

தோயிப் சிரித்துவிட்டான். பாக் ஹர்யோனோ சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து எழுத்துகளை ஒப்பிட்டார். அவருடைய முகம் விழுந்தது.

“கலந்தப்ப எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு, லாரஸ்?”

“சரியாத்தான் இருந்துச்சு, பாக்.” முகமூடிக்குள்ளிருந்து குரல் சன்னமாக வந்தது.

“படிப்புல சரியாத்தான் இருக்கும்” என்றாள் இபு முர்தினி. “கையில வரணுமில்ல. இருபத்திரண்டு வருஷத்துல எனக்கு இப்படி ஒரு தடவகூட ஆனதில்ல.”

எல்லோரும் லாரஸையே திரும்பிப் பார்த்தார்கள். இபு முர்தினி அதைப் பாயசம் குடிப்பது போல அனுபவித்தாள். பாக் ஹர்யோனோ மட்டும் தட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கிருமி நல்ல கிருமி, போன வாரம் கொழிச்சு வளந்துச்சு. தண்ணி நல்ல தண்ணி. அப்ப மிச்சம் எச்சில்தான். யாரோ வாயில எதையோ போட்டுக்கிட்டு வந்து துப்பியிருக்காங்க.” சட்டென்று அவர் முகம் தெளிந்தது. “நீ அஞ்சு பேர் எச்சிலயும் தனியா எடுத்து வச்சிருக்கியே லாரஸ்! இன்னைக்கு மத்தியானம் ஒவ்வொண்ணையும் தனித்தனியாக் கிருமியோட கலந்து வை. நாளைக்குக் காலையில யார் தட்டு காலியோ அவங்கதான்.”

இபு முர்தினியின் நாக்கு தானாகவே ஆடும் பல்லைப் போய்த் தொட்டது. அங்கே புதினா வாசனை இன்னும் இருப்பது போலத் தோன்றியது.  லாரஸும் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். பார், எவ்வளவு திமிராக நிற்கிறாள் என்று அந்தப் பயத்திலும் இபு முர்தினிக்குத் தோன்றத்தான் செய்தது.

லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்கு எல்லோரும் போனார்கள். இபு முர்தினி கை கால் கழுவி ஒளு செய்துவிட்டு, வரிசையில் நிற்காமல் திரும்பி வந்தாள். கூடத்தில் யாரும் இல்லை. ஃப்ரீசரின் சாவி அவளிடம் ஒன்று இருந்தது, அது இருபத்திரண்டு வருடத்தின் மரியாதை.

ஐந்து குழாய்கள். பனி பிடித்து வெள்ளையாக, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாமல், லாரஸின் முத்து முத்தான எழுத்தில் பேர் சுமந்து நின்றன. வெறுமனே தன் குழாயை எடுத்து எறிந்துவிட்டால் எறிந்தவள் யார் என்று கேள்வி வரும். அவள் கண் பக்கத்துக் குழாயின் மேல் விழுந்தது. ‘லாரஸ்.’

செய்யக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் மனசு ஒரு பக்கம் ஓதிக்கொண்டே இருந்தது. கண்ணுக்கெதிரே நாற்காலி போகிறது. இவளோ நேற்று வந்தவள். இவளுக்கு முப்பத்தொரு வயது, இன்னும் எத்தனையோ நாற்காலி கிடைக்கும். சொந்த மருந்து ஜெயிக்கட்டும் என்று இவளே கொப்பளித்துவிட்டுத் துப்பினாள் என்று ஊர் நினைத்தால் நினைக்கட்டுமே. எட்டு மாதமாக என்னை இவளையே நினைத்து எரியவைத்தாளே. நகத்தால் இரண்டு ஒட்டுத்தாளையும் உரித்தாள்.  லாரஸின் பேரைத் தன் குழாயிலும், தன் பேரை லாரஸின் குழாயிலும் ஒட்டி அழுத்தினாள். ஃப்ரீசரை மூடும்போது பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுகை முடிந்து ஆமீன் சொல்வது கேட்டது.

மத்தியானம் லாரஸ் ஐந்து குழாய்களையும் உருக வைத்தாள். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். இரண்டு குழாய்களை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தது போல இபு முர்தினிக்குப் பட்டது. பிறகு ஒன்றும் சொல்லாமல் கலந்து, தட்டில் பரப்பி, பேர் எழுதி, சூட்டில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அன்றிரவு இபு முர்தினி தூங்கினாளா என்று கேட்கவே வேண்டாம்.

வெள்ளிக்கிழமை காலை ஐந்து தட்டுகளும் விளக்குக்குப் பக்கத்தில் கவிழ்ந்திருந்தன. பாக் ஹர்யோனோ கணக்குப் புத்தகத்தைத் திறந்து பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். குஸ்னுல், எண்ணி முடித்த தட்டுகளை வேகவைக்கக் கொண்டுபோக வாளியோடு நின்றாள்.

“நோன்பு மாசத்துல கழிப்பறைப் பாட்டில யாருப்பா இப்படித் தீத்தது? திங்கக்கெழம புதுசு வச்சேன், பாதி இல்ல” என்று அவள் பொதுவாகச் சொன்னாள்.

இபு முர்தினி முதல் தட்டின் மேல் கை வைத்தாள். அப்போது லாரஸ் முன்னால் வந்தாள்.

“கொஞ்சம் இருங்க இபு. பாக், எண்ண வேணாம். நான்தான்.”

சொல்லிவிட்டு முகமூடியைக் கழற்றினாள். இடப்பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. மேல் ஈறு சிவந்து, தடித்து, பல்லோரம் ரத்தம் கட்டியிருந்தது. எட்டு மாதமாகப் பார்க்காத முகத்தை எல்லோரும் இப்படிப் பார்த்துவிட்டோமே என்று கூசிப்போனார்கள்.

“திங்கக்கெழம நாத்தம் அடிச்ச குழாய் என்னுதுதான். பேச்சுவாக்குல உங்ககிட்ட சொல்லிட்டேன் பாக், நீங்க யாருதுன்னு கேட்டப்ப சொல்ல வாய் வரல. ஜப்பான்லயே ஆரம்பிச்சது. வாயத் தொறந்தா வலி, பேசினா நாத்தம். வாய்மருந்துக் கம்பெனியில இதோட எப்படி நிக்கிறது? புதன்கெழம எச்சில் கொடுக்கறதுக்கு முன்னாடி கழிப்பறையில போய் அந்தப் பிங்க் மருந்த ரெண்டு தடவ கொப்பளிச்சேன். இபுவோட மருந்துதான். அதவிட நல்லா வேல செய்யறது வேற எது இருக்கு?”

“உன் வெத்தல மருந்த விட்டுட்டா?” என்றார் பாக் ஹர்யோனோ.

“என்னுது இன்னும் சோதிக்கலையே, பாக்.”

அவர் பெருமூச்சு விட்டார். “சரி. ஒத்துக்கிட்டது நல்லது. ஆனாலும் எண்ணிப் புத்தகத்துல போட்ருங்க இபு. எழுதாதது நடக்காதது.”

இபு முர்தினி தட்டுகளைத் திருப்பினாள். பாக் ஹர்யோனோ, நிறையப் புள்ளி. குஸ்னுல், நிறையப் புள்ளி. தோயிப், கடுகு கொட்டியது போல. ‘லாரஸ்’ என்று எழுதிய தட்டு காலி. அது அவளுடைய எச்சில், காலியாகத்தான் இருக்கும். ‘முர்தினி’ என்று எழுதிய தட்டைத் திருப்பினாள். அதுவும் காலி.

 இரண்டு பேர் ஒரே கழிப்பறையில், ஒரே குப்பியில், ஒரே நாற்றத்துக்கு வெட்கப்பட்டுக் கொப்பளித்திருக்கிறார்கள். திருட்டுத்தனமாகப் பேர் மாற்றி ஒட்டியதில் ஓர் இம்மிகூட மாறவில்லை. ஆனால் தட்டு அவள் கையில் இருந்தது, பேனாவும் அவள் கையில் இருந்தது. யாரும் குனிந்து பார்க்கவில்லை. ஒருத்தி ஒப்புக்கொண்ட பிறகு மற்றவர் தட்டை யார் பார்ப்பார்கள்? தன் பேருக்கு எதிரே ‘எண்ண முடியாத அளவு’ என்று எழுதிவிட்டுத் தட்டை குஸ்னுலின் வாளியில் போட்டால், பெருநாள் கழிந்து நாற்காலி அவளுக்கு.

அவள் லாரஸை நிமிர்ந்து பார்த்தாள். வீங்கிய கன்னத்தோடு, அழாமல், நேராக நின்றுகொண்டிருந்தாள் அந்தப் பெண். பாக் ஹர்யோனோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எச்சிலைக் கெடுத்தவளைப் பார்க்கிற பார்வையா அது? பெற்ற மகளைப் பார்க்கிற பார்வை. இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் அவர் இபு முர்தினியை அப்படிப் பார்த்ததில்லை.

பழைய எரிச்சல் அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. குற்றத்தை ஒப்புக்கொள்வதில்கூட இவள்தான் முதலா? இதிலும் நான் இவளுக்குப் பின்னால்தானா?

இபு முர்தினி பேனாவை இறுக்கிப் பிடித்து எழுதினாள். ‘லாரஸ், காலி. முர்தினி, காலி. நானும் கொப்பளித்தேன்.’ எழுதிவிட்டு ஒரு மூச்சு விட்டாள். அப்போதும் குற்றத்தை ஒப்புக்கொண்டதில் ஒன்றுக்கு ஒன்றுதான். முந்தியாக வேண்டும். அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினாள். ‘வியாழக்கிழமை லுஹர் நேரத்தில் எங்கள் இருவர் குழாயின் பேரையும் மாற்றி ஒட்டியது நான்.’

புத்தகத்தை பாக் ஹர்யோனோவின் பக்கம் தள்ளினாள். அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். புத்தகத்தை லாரஸிடம் நீட்டினார். லாரஸ் படித்து முடித்ததும் பேனாவைக் கேட்டு வாங்கி, நின்றபடியே குனிந்து எழுதினாள்.

“என்ன எழுதற?” இபு முர்தினிக்குப் பொறுக்கவில்லை.

லாரஸ் நிமிராமல் சொன்னாள். “நேத்தே எனக்குத் தெரியும் இபு. வாய் வலியில நான் எப்பவும் கால் குழாய்தான் துப்புவேன். உங்களுது நெறைய இருக்கும். நேத்து உருகினப்ப என் பேர் போட்ட குழாய் நெறைய இருந்துச்சு, உங்க பேர் போட்டதுல அடியில கொஞ்சம்தான் இருந்துச்சு. நீங்க ஏன் மாத்துனீங்கன்னு புரியல. ஆனா என் குத்தம் இப்ப உங்க பேர்ல போகப்போகுதுன்னு புரிஞ்சுது. போனா போகட்டும், வாய மூடிக்கலாம்னு ராத்திரி முழுக்க நெனச்சேன். விடியறதுக்கு முன்னாடி சஹர் சாப்பாட்டுக்கு எந்திரிச்சப்பதான் மனசு கேக்கல. அதத்தான் எழுதறேன்.”

“அடிப்பாவி” என்றாள் இபு முர்தினி. தன்னை மாட்டிவிட நினைத்தாளே என்று கோபமா, அதையும் எழுதிச் சமமாக்கிவிட்டாளே என்று கோபமா, அவளுக்கே தெரியவில்லை.

பாக் ஹர்யோனோ புத்தகத்தை மூடினார். “ஒரு விஷயம் தெரிஞ்சுது. இந்தக் கூடத்துல பத்துத் தட்டையும் கொன்னது அந்தப் பழைய பிங்க் மருந்துதான். ரெண்டு பேர் வாயில ஒட்டியிருந்தே அஞ்சு பேர் எச்சில்லயும் கிருமியச் சாகடிச்சிருக்கு. பெருமப்படுங்க இபு.” அவர் சிரிக்கவில்லை. “ஆனா நாற்காலிக்கு இப்ப ஆளில்ல. இந்தப் பக்கத்த நான் மேல காட்டியே ஆகணும். சுரபாயா கிளையிலேருந்து ஆளக் கேக்கப்போறேன்.”

இபு முர்தினி கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இருபத்திரண்டு வருடம். ஒரு மூடி மருந்து. நன்றாக அழுதுவிட்டு முகத்தைக் கழுவி நிமிர்ந்தபோது கண்ணாடியில் பின்னால் லாரஸ் நின்றாள். முகமூடி இல்லை. அழுது மூக்கு சிவந்திருந்தது. இந்த ஈறோடும் இந்தக் கன்னத்தோடும்கூட இவள் அழகாகத்தான் இருக்கிறாள் என்று இபு முர்தினி கவனித்தாள். கவனித்து எரிந்தாள்.

“பல் டாக்டர்கிட்ட போனியா?”

“பயம், இபு.”

“எனக்கும் ஒரு பல் ஆடுது. நாளைக்குச் சனிக்கெழமதானே, போலாம். நோன்பு தொறந்தப்புறம்.”

லாரஸ் தலையாட்டினாள். அலமாரியில் குஸ்னுல் புதுக் குப்பி வைத்திருந்தாள், அதன் கழுத்தில் ஒரு கயிறு கட்டி, கயிற்றை ஆணியில் முடிந்திருந்தாள். இருவரும் அதைப் பார்த்தார்கள், வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

“சுரபாயாவிலேருந்து யார அனுப்புவாங்க?” என்று இபு முர்தினி கேட்டாள்.

“அனேகமா இபு சுந்தாரியா இருக்கும். வயசு நாப்பதுகூட இருக்காது. போன வருஷக் கூட்டத்துல பாத்தேன்.” லாரஸ் கொஞ்சம் தயங்கினாள். “அவங்க பல்லு முத்து மாதிரி இருக்கும், இபு.”

இபு முர்தினி கண்ணாடியில் அவளைப் பார்த்தாள்.

“வரட்டும்” என்றாள். “அவகிட்டயும் எச்சில் கேப்போம்.”